இறுக்கிப் பிடிக்காத மரக்கூழ்

புரதம் பிரித்த கதை – 11

1954ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் ஹெர்பர்ட் சோபர், எல்பர்ட் பீட்டர்சன் என்ற இருவர் சின்னதாக ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். செல்லுலோஸ் தூளில் மின்னேற்றமுள்ள வேதித் தொகுதிகளைக் கோத்து, அதைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, புரதக் கலவையை அதன் வழியே விட்டால் புரதங்கள் தனித்தனியாகப் பிரிந்து வருகின்றன, வந்த பிறகும் செயல் கெடாமல் இருக்கின்றன என்பது அந்தக் குறிப்பின் சாரம். 1956இல் அதே இதழில் விரிவான இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது இந்தப் பொருள்களைச் செய்யும் முறையைச் சொன்னது. இரண்டாவது ரத்த சீரத்தை அவற்றால் பகுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு சுமார் இருபது வருடங்களுக்கு, நொதிகளைப் பிரிக்கும் ஆய்வுக்கூடம் உலகில் எங்கிருந்தாலும் அதன் அலமாரியில் இந்தப் பொருள்களில் ஒரு வகையான டிஇஏஇ-செல்லுலோஸ் டப்பா ஒன்று இருந்தது. வேதியியலாளர் ஒருவர் அன்றைக்கு இந்தப் பொருளை அளவுகோல் வைத்துப் பார்த்திருந்தால் சந்தையில் கிடைத்த ரெசின்களுக்கு முன்னால் இது ஒரு சோப்ளாங்கி என்றுதான் சொல்லியிருப்பார். மின்னேற்றம் குறைவு, உறுதி குறைவு, ஓட்டம் மந்தம். அந்தச் சோப்ளாங்கித்தனமே இதை ஜெயிக்க வைத்தது என்பது என் வாதம். அதை ஆதாரத்தோடு நிறுவ முடியுமா என்று இந்தப் பகுதியில் பார்க்கலாம்.

முந்தைய பகுதிகளில் பார்த்த வழிகள் எங்கே போய் முட்டி நின்றன என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அம்மோனியம் சல்பேட்டைக் கொட்டிப் புரதங்களைப் படிய வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஹார்வர்டில் எட்வின் கோன் இரண்டாம் உலகப் போரின்போது குளிர்ந்த ஆல்கஹாலால் பிளாஸ்மாவைப் பகுத்து, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆல்புமின் போய்ச்சேர வழிசெய்தார். இரண்டும் பெரிய அளவில் வேலை செய்யும்; ஆனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒத்த குணமுள்ள புரதங்களின் கூட்டம். சம்னர் 1926இல் யூரியேஸையும் நார்த்ரப் 1930இல் பெப்சினையும் படிகமாக்கினார்கள். அந்த வழி படிகமாக மனம்வைத்த புரதங்களுக்கு மட்டும் திறந்தது. டிசேலியஸின் எலக்ட்ரோபோரசிஸ் கருவி 1937 முதல் சீரத்துக்குள் ஆல்புமினும் மூன்று வகைக் குளோபுலின்களும் இருப்பதைப் படம்போட்டுக் காட்டியது. ஆனால் அவற்றைச் சுத்தமாக எடுத்துப் புட்டியில் அடைத்துத் தர அதனால் முடியவில்லை. ஆக, 1950 வாக்கில் ஒரு கலவைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும், ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத்தான் தெரியாது.

அயனிப் பரிமாற்றம் என்ற யோசனை அப்போது புதிதும் அல்ல. 1935இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் ஆடம்ஸும் ஹோம்ஸும் பீனால்-ஃபார்மால்டிஹைடு ரெசின்கள் தண்ணீரிலுள்ள அயனிகளைப் பிடித்துக்கொண்டு மாற்று அயனிகளை விடுவதைக் காட்டினார்கள். 1940களில் பாலிஸ்டைரீன் ரெசின்கள் வந்தன. அணுகுண்டுத் திட்டத்தில், ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும் அரிமண் தனிமங்களைப் பிரிக்க இந்த முறை கைகொடுத்தது. அந்த ரகசியம் 1947இல்தான் அச்சில் வெளிவந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்டு மூரும் வில்லியம் ஸ்டைனும் 1951இல் டௌவெக்ஸ் 50 என்ற ரெசினைக் கொண்டு அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் காட்டியபோது, அடுத்தது புரதம்தான் என்று எல்லோரும் நினைத்ததில் தப்பில்லை. அமினோ அமிலங்களைக் கோத்ததுதானே புரதம்?

நினைத்தது நடக்கவில்லை. டௌவெக்ஸ் போன்ற ரெசினில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிசமான அளவு மின்னேற்றத் தொகுதிகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி மணியின் உள்ளே இருக்கிறது. குறுக்குப் பிணைப்பால் இறுகிய பாலிஸ்டைரீன் வலைக்குள் சோடியம் அயனி புகும், அமினோ அமிலம் புகும். பல நானோமீட்டர் அகலமுள்ள புரத மூலக்கூறு புகாது. மணியின் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அங்கேயும் இரண்டு ஆபத்துகள் காத்திருந்தன. நெருக்கமான மின்னேற்றங்கள் புரதத்தை ஒரே நேரத்தில் பல இடங்களில் பற்றிக்கொண்டன. எண்ணெய்ப் பண்புள்ள பாலிஸ்டைரீன் முதுகெலும்போ, மடிந்து கிடக்கும் புரதத்தின் உள்பக்கத்து நீர்வெறுக்கும் பகுதிகளை வெளியே இழுத்தது. இந்த உடும்புப் பிடியிலிருந்து புரதத்தை மீட்கக் கடும் அமிலமோ காரமோ வேண்டும். அதற்குள் புரதம் மடிப்பு அவிழ்ந்து செத்துப்போயிருக்கும். நொதியைப் பிரிப்பதன் நோக்கமே அது வேலை செய்வதைப் பார்க்கத்தான் என்கிறபோது, செத்த நொதி சுத்தமாக இருந்து என்ன பயன்?

இங்கே விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார், அதுவும் நியாயமாக. ரெசினில் புரதமே பிரிக்க முடியவில்லை என்பது உண்மையல்லவே என்பார். 1950இல் பாலியூஸும் நீலண்ட்ஸும் சைட்டோகுரோம்-சியை அம்பர்லைட் ஐஆர்சி-50 ரெசினில் பிரித்தார்கள். 1953இல் ஹிர்ஸ், மூர், ஸ்டைன் மூவரும் அதே ரெசினில் ரைபோநியூக்ளியேஸைச் சுத்தம் செய்தார்கள். அந்தச் சுத்தமான சரக்குதான் பின்னால் 124 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறியவும் 1972இன் நோபல் பரிசுக்கும் வழி போட்டது. முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமும் அப்படித்தான் பிரிந்தது. மறுக்கவில்லை. ஆனால் வெற்றி பெற்றவர்களின் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்றும் 12,000 முதல் 15,000 வரை மூலக்கூறு எடையுள்ள குட்டிப் புரதங்கள். மூன்றும் காரத்தன்மை மிக்கவை. மூன்றும் எளிதில் குலையாத முரட்டு ஜாதி. ரைபோநியூக்ளியேஸ் சூடுபடுத்தினாலும் மீண்டு வரும். அதோடு ஐஆர்சி-50, ரெசின்களிலேயே மென்மையான பிடிப்புள்ள கார்பாக்சிலிக் வகை. சீரத்திலும் செல்லிலும் உள்ள பெரும்பாலான புரதங்கள் இதற்கு நேர் எதிரானவை: ஆல்புமின் 66,000, காமா குளோபுலின் 1,50,000, அவற்றில் பலவும் நடுநிலை நீரில் எதிர் மின்னேற்றம் கொண்டவை, தொட்டால் வாடும் ரகம். கேம்பிரிட்ஜில் போர்டுமனும் பார்ட்ரிட்ஜும் 1953இல் ஹீமோகுளோபின்களைக்கூட இந்த ரெசினில் பிரித்துக் காட்டினார்கள் என்பது இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று. ஆனால் அங்கேயும் மணியின் மேல்பரப்பு மட்டுமே பயன்பட்டது. ரெசினின் வெற்றிகள் எல்லாமே அதன் பலம் எங்கே குறைந்திருந்ததோ அங்கேதான் நடந்தன. ஆட்சேபணை என் வாதத்தைத் தகர்ப்பதற்குப் பதில் அதற்குத் தூண் போடுகிறது.

செல்லுலோஸை அயனிப் பரிமாற்றப் பொருளாக்கும் எண்ணம் சோபருக்கும் பீட்டர்சனுக்கும் மட்டும் உதித்ததாக நினைப்பதும் சரியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் தெற்கு மண்டல ஆய்வுக்கூடம் நியூ ஆர்லியன்ஸில் இருந்தது. பருத்தி விவசாயிகளின் சரக்குக்குப் புதுச் சந்தை தேடுவது அதன் வேலை. தீப்பிடிக்காத துணி, சாயம் நன்றாகப் பிடிக்கும் துணி என்று பருத்தி நூலின் வேதியியலை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பருத்தியில் பாஸ்பேட் கோத்தால் அது நேர் அயனிகளைப் பிடிக்கும் என்பதை 1948இலும், அமினோ தொகுதி கோத்த பருத்தியின் அயனிப் பரிமாற்றப் பண்பை 1950இலும் அவர்கள் ஜவுளி ஆராய்ச்சி இதழில் எழுதிவிட்டார்கள். ஜவுளிக்காரர்கள் கண்டதைப் புற்றுநோய் நிறுவனத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு நகரலாமா? கூடாது என்பேன். நியூ ஆர்லியன்ஸில் யாரும் புரதத்தைப் பற்றி யோசிக்கவில்லை. உலோக அயனிகளைப் பிடிப்பதில் அவர்களின் பருத்தி ரெசின்களோடு போட்டியிட முடியவும் இல்லை. குறைந்த மின்னேற்றமும் திறந்த அமைப்பும் ஒரு குறிப்பிட்ட வகை மூலக்கூறுக்கு மட்டும் லாபம் என்று கண்டதுதான் பெதஸ்டாவில் நடந்த புதுமை.

செய்முறை வியக்கும்படி எளிமையானது. மரக்கூழிலிருந்து செய்த, சோல்கா-ஃப்ளாக் என்ற பெயரில் விற்ற செல்லுலோஸ் தூளை எடுத்துக்கொண்டார்கள். காகிதத் தொழிலின் துணைச்சரக்கு அது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் நார் உப்பி உள்ளே இடம் திறக்கும். அதில் டைஎத்தில்அமினோஎத்தில் குளோரைடைச் சேர்த்துச் சூடுபடுத்தினால் நேர் மின்னேற்றமுள்ள தொகுதிகள் சர்க்கரைச் சங்கிலியில் தொற்றிக்கொள்ளும், அதுதான் டிஇஏஇ-செல்லுலோஸ். அதற்குப் பதில் குளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தால் எதிர் மின்னேற்றமுள்ள கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சுருக்கமாகச் சிஎம். இப்படிக் கிடைத்த டிஇஏஇ தூளில் ஒரு கிராமுக்குச் சுமார் 1 மில்லிசமான அளவு மின்னேற்றம், அதாவது டௌவெக்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் செல்லுலோஸ் சங்கிலியில் ஐந்தாறு குளுக்கோஸ் அலகுக்கு ஒரு தொகுதி என்று வருகிறது. இதை அதிகமாக்கியிருக்கலாமே என்று கேட்டால், முடியாது என்பதுதான் பதில். செல்லுலோஸ் தண்ணீரில் கரையாமல் இருப்பது சங்கிலிகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதால். மின்னேற்றத் தொகுதிகள் பெருகினால் அவை ஒன்றையொன்று தள்ளும், கட்டு அவிழும், தூள் குழகுழவென்று கரையத் தொடங்கும். ஐஸ்கிரீமிலும் சலவைத் தூளிலும் சேர்க்கும் சிஎம்சி என்ற கெட்டியாக்கி வேறொன்றும் இல்லை, தொகுதிகள் அதிகம் ஏறிப்போய்க் கரைந்த அதே கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்தான். ஆகவே குறைந்த மின்னேற்றம் என்பது இவர்கள் திட்டமிட்டுத் தேர்ந்த பண்பு என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொட்டு வைக்கிற வேலை. பொருள் போட்ட வரம்பு அது. அந்த வரம்பு எதற்குப் பொருத்தமானது என்று புரிந்துகொண்டதற்காக மட்டும் அவர்களைப் பாராட்டலாம்.

ஏன் பொருந்தியது? புரதம் தன்மேல் பல மின்னேற்றங்களைச் சுமந்து வருவது. பரப்பில் ஒட்டும்போது ஒரு புள்ளியில் ஒட்டாது, பல புள்ளிகளில் ஒட்டும். விடுபட வேண்டுமானால் எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டாக வேண்டும். தொகுதிகள் நெருக்கமாக இருந்தால் புள்ளிகள் அதிகம். அது நடக்கவே நடக்காது. செல்லுலோஸில் அவை எட்ட எட்ட இருப்பதால் புரதம் சில புள்ளிகளில் மட்டும் தொற்றுகிறது, சாதாரண உப்பு கொஞ்சம் கூடினால் கழன்றுவிடுகிறது. முதுகெலும்போ தண்ணீரை விரும்பும் சர்க்கரைச் சங்கிலி. புரதத்தின் வயிற்றைக் கிழிக்கும் எண்ணெய்ப் பண்பு அதற்கு இல்லை. நார் தளர்வாக இருப்பதால் பெரிய மூலக்கூறும் தொகுதிகளை எட்ட முடிகிறது. விளைவு விசித்திரமானது: சிறு அயனிகளைப் பிடிப்பதில் ரெசினில் ஐந்தில் ஒரு பங்கே திறனுள்ள தூள், புரதத்தைப் பிடிப்பதில் ஒரு கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் வரை போனது. இன்னொன்றையும் சோபரும் பீட்டர்சனும் கவனித்தார்கள். பல புள்ளிப் பிணைப்பு என்பதால், ஒரு குறிப்பிட்ட உப்பு அளவுக்குக் கீழே புரதம் அசையவே அசையாது, அதைத் தாண்டினால் நிற்கவே நிற்காது. இடைப்பட்ட நிலை மிகக் குறுகலானது. ஒரே கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு புரதம் உடனே வந்துவிடும், அடுத்தது வரவே வராது. ஆகவே உப்பின் அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டும். அந்த ஏற்றத்தின் வடிவத்தை விருப்பம்போல வளைக்க, ஒன்றோடொன்று இணைந்த ஒன்பது அறைகள் கொண்ட வேரிகிராட் என்ற பெட்டியையும் அவர்களே வடிவமைத்தார்கள்.

அந்தக் காலத்து ஆய்வுக்கூடத்தில் இது எப்படி நடந்தது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பொருளின் குணம் கைவேலையில்தான் தெரியும். தூளை முதலில் பெரிய பீக்கரில் தண்ணீரில் கலக்கி வைப்பார்கள். கனமான நார் அடியில் இறங்கும்; மேலே மிதக்கும் நொய்யைச் சாய்த்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது குழாயை அடைக்கும். பிறகு அரை மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கழுவு, தண்ணீரில் ஒரு கழுவு, அரை மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு கழுவு, மறுபடி தண்ணீர். இப்படி அமிலமும் காரமும் மாறி மாறிப் போனால்தான் நார் முழுதும் உப்பி உள்ளிருக்கும் தொகுதிகள் வெளிப்படும். கடைசியாகப் பஃபரில் ஊறவைத்து, பிஎச் அசையாமல் நிற்கும்வரை மாற்றி மாற்றி ஊற்றி, கஞ்சிப் பதத்தில் குழாயில் இறக்குவார்கள். குளிர் அறையில் இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஓடும். ஃபிராக்ஷன் கலெக்டரில் வரிசையாக நிற்கும் சோதனைக் குழாய்களில் காலையில் ஒவ்வொன்றாக 280 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து வரைபடம் போட்டால் மலைமலையாக எழும். எந்த மலையில் தன் நொதி இருக்கிறது என்று தேடுவதே அன்றைய வேலை.

அப்படியானால் வெற்றிக்குக் காரணம் கருவிகள்தானே, கூழுக்கு என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். ஃபிராக்ஷன் கலெக்டர், புற ஊதா அளவுமானி, உப்பு ஏற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்த காலம் அது. அவை இல்லாமல் எந்தப் பொருளும் எடுபட்டிருக்காது. வாதத்தின் பாதி சரி. ஆனால் கால வரிசையைப் பார்த்தால் மீதிப் பாதி நிற்கவில்லை. மூரும் ஸ்டைனும் 1940களின் கடைசியிலேயே தானாகக் குழாய் மாற்றும் கலெக்டரை வைத்திருந்தார்கள். உப்பையோ அமிலத்தையோ படிப்படியாக ஏற்றும் முறையை டிசேலியஸின் குழு 1952இல் விவரித்துவிட்டது. அந்த வசதிகளோடு ரெசினைக் கையாண்டவர்கள் உலகத் தரமான ஆட்கள். அவர்களுக்கும் சீரம் திறக்கவில்லை. கருவிகள் அப்படியே இருக்க, குழாய்க்குள் போடும் பொருளை மாற்றியதும் திறந்தது.

திறந்தபின் வந்த வேகம் இன்னொரு சான்று. 1960இல் லெவியும் சோபரும் டிஇஏஇ-செல்லுலோஸால் சீரத்திலிருந்து காமா குளோபுலினை ஒரே ஓட்டத்தில் எடுத்தார்கள். உப்பு குறைந்த பாஸ்பேட் பஃபரில் சீரத்தை விட்டால் மற்ற புரதங்கள் எல்லாம் கூழில் தங்கிவிடும், எதிர் மின்னேற்றம் குறைந்த காமா குளோபுலின் மட்டும் ஒட்டாமல் நேரே வெளியே ஓடிவரும். எதிர்ப்புரதங்கள் அடங்கிய பகுதி காமா குளோபுலின்தான் என்பதால், எதிர்ப்புரத ஆராய்ச்சி செய்தவர்கள் பலரும் இந்த வழியைக் கைக்கொண்டார்கள். 1967இல் ஹார்வர்டில் மார்க் டாஷ்னே, லாம்டா வைரஸின் மரபணுக்களை அடைத்து வைக்கும் புரதத்தைத் தேடினார்; செல்லுக்குள் மிகச் சொற்பமாகவே இருந்த அதற்கு, பார்த்தறியத்தக்க நொதிச் செயலும் கிடையாது. அந்தப் புரதத்தைச் செய்யக்கூடிய வைரஸ் தொற்றிய பாக்டீரியாவுக்கு ஒரு கதிரியக்க அடையாளமும், செய்ய முடியாத வைரஸ் தொற்றியதற்கு இன்னொரு அடையாளமும் கொடுத்து, இரண்டையும் கலந்து டிஇஏஇ-செல்லுலோஸில் ஓட்டினார். மற்ற மலைகளில் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து வந்தன. ஒரே ஒரு மலையில் ஒன்று மட்டும் வந்தது. ஹர் கோவிந்த் குரானாவின் விஸ்கான்சின் கூடத்தில் தாங்களே கட்டிய நியூக்ளிக் அமிலத் துண்டுகளைப் பிரிக்கவும் இதே கூழ்தான். மருத்துவமனைக்கும் அது வந்தது: அமெரிக்காவின் அகஸ்டாவில் டைட்டஸ் ஹியூஸ்மனின் குழு 1970களில், பாஸ்டர் பிப்பெட் ஒன்றில் டிஇ-52 வகைச் செல்லுலோஸைக் கொஞ்சம் அடைத்து, ஹீமோகுளோபின் ஏ2 அளக்கும் முறையைப் பரப்பியது. சிவப்புக் கரைசலை மேலே விட்டால் காரத்தன்மை சற்றுக் கூடிய ஏ2 வெளிறிய சிவப்பாக முதலில் இறங்கும், மற்றது அடர் சிவப்பு வளையமாக மேலேயே நிற்கும். ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். மின்சாரக் கருவி பெரிதாக இல்லாத கூடத்திலும் செய்யக்கூடிய சோதனை.

மென்மையான பிடி என்றேன். ஆனால் அதுவும் சில சமயம் அதிகமாகிவிடும் என்று காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரிச்சர்டு பர்ஜஸ், டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் பாக்டீரிய நொதியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பாஸ்பேட் கோத்த செல்லுலோஸை ஒரு கூடுதல் படியாகச் சேர்த்தார். நியூ ஆர்லியன்ஸ் ஜவுளிக்காரர்கள் பருத்தியில் செய்து பார்த்த அதே வேதியியல். பாஸ்பேட் நிரம்பிய அந்த நார், நொதியின் கண்ணுக்கு டிஎன்ஏவைப் போலவே தெரிந்தது, கெட்டியாக ஒட்டிக்கொண்டது. உப்பால் கழற்றி எடுத்த நொதி முன்பைவிடச் சுத்தம். கன்றின் டிஎன்ஏவைக் கொடுத்தால் வேலை செய்தது. டி4 வைரஸின் டிஎன்ஏவைக் கொடுத்தால் கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. நொதி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் கூழில் ஒட்டாமல் முதலிலேயே ஓடிப்போன பகுதியைத் திரும்பச் சேர்த்தபோது செயல் மீண்டது. நொதியின் ஒரு துண்டைக் கூழ் தனியே கழற்றிவிட்டிருந்தது. எங்கே எழுதத் தொடங்க வேண்டும் என்பதை நொதிக்குக் காட்டும் அந்தத் துண்டுக்குச் சிக்மா என்று பெயர் வந்தது; பர்ஜஸ், டிராவர்ஸ், டன், பாட்ஸ் நால்வரும் 1969இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுத்தம் செய்யும் படி ஒன்று கண்டுபிடிப்பாக மாறியது எதனால்? ரெசினைப் போல அது நொதியைச் சிதைக்கவில்லை. இரண்டு பாகங்களும் உயிரோடு இருக்கும்படி பிரித்து வைத்தது. சிதைத்திருந்தால் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் சோதனையே சாத்தியமில்லை.

புரதத்தைத் தாண்டி முழு உயிரணுவையே பிரித்த கதையும் இருக்கிறது. 1968இல் ஷீலா லேன்ஹம் ரத்தத்திலிருந்து டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகளைப் பிரிக்க டிஇஏஇ-செல்லுலோஸைப் பயன்படுத்தினார். சிவப்பணுக்களின் மேல்பரப்பில் எதிர் மின்னேற்றம் அதிகம். அவை கூழில் தங்கும். ஒட்டுண்ணிகளுக்குக் குறைவு, அவை நீந்தி வெளியே வந்துவிடும், உயிரோடு. ஆப்பிரிக்காவின் தூக்க நோயைக் கண்டறியும் சிறு குழாய்ச் சோதனை இதிலிருந்துதான் பிறந்தது. ரத்தத்தைச் சின்னக் கூழ்க் குழாயில் விட்டு, கீழே வருவதைச் சுழற்றி அடியில் படிந்ததை நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரு மில்லிலிட்டரில் 100க்கும் குறைவான ஒட்டுண்ணிகள் இருந்தாலும் சிக்கிவிடும். சிவப்பணு நசுங்காமல், ஒட்டுண்ணி சாகாமல் பிரிக்க ரெசின் மணிகளால் ஆகியிருக்குமா என்று நினைத்துப் பார்க்கலாம்.

இதன் குறைகளை மறைப்பது நியாயமாகாது. நார் நசுங்கும், அழுத்தம் கொடுத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் ஓட்டத்தை வேகப்படுத்த வழியில்லை. இயற்கைப் பொருள் என்பதால் ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் வித்தியாசம் இருக்கும். டிஇஏஇ கோர்க்கும் வினையிலேயே ஒரு தொகுதியின் மேல் இன்னொன்று ஏறி வேறு வகைத் தொகுதிகளும் கலந்துவிடும். பூஞ்சைக்குச் செல்லுலோஸ் நல்ல சாப்பாடு. இங்கிலாந்தின் வாட்மன் நிறுவனம் நீண்ட நாரை விட்டு நுண்குருணை வடிவத்துக்குப் போனதும், முன்கூட்டியே ஊறவைத்து விற்றதும் இந்தக் குறைகளுக்குச் செய்த வைத்தியம். ஆனால் உப்சாலாவின் ஃபார்மசியா நிறுவனம் முதலில் டெக்ஸ்ட்ரான் மணிகளிலும் பிறகு கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் மணிகளிலும் டிஇஏஇ கோத்து விற்கத் தொடங்கியபோது போட்டி கடுமையானது. 1982இல் எஃப்பிஎல்சி கருவியும் மோனோ-கியூ குழாயும் வந்தபின், ஓர் இரவு எடுத்த வேலை அரை மணியில் முடிந்தது.

அப்படியானால் செல்லுலோஸ் வெறும் இடைக்காலச் சரக்குதானே என்பதுதான் மிகக் கடினமான ஆட்சேபணை. ஆய்வுக்கூட அலமாரியை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் பின்வந்தவை எதை மாற்றின, எதை மாற்றவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அகரோஸ் மணியும் தண்ணீரை விரும்பும் சர்க்கரைச் சங்கிலிதான். அதிலும் பெரிய துளைகள், பரவலான மின்னேற்றம், உப்பு ஏற்றத்தால் கழற்றல். டிஇஏஇ, சிஎம் என்ற தொகுதிகளின் பெயர்கூட மாறவில்லை. மாறியது வடிவம்: நாருக்குப் பதில் நசுங்காத உருண்டை மணி. ஸ்டைரீனை அடித்தளமாகக் கொண்ட மணிகள்கூட இன்று புரத வேலைக்கு வருமுன் தண்ணீரை விரும்பும் பூச்சு ஒன்றைப் பூசிக்கொண்டுதான் வருகின்றன. 1954க்கு முந்தைய ரெசினின் கொள்கைக்கு, அதாவது இடம் உள்ள மட்டும் மின்னேற்றத்தை அடைத்து இறுகப் பிணைப்பது என்பதற்கு, புரதப் பிரிப்பில் யாரும் திரும்பிப் போகவில்லை.

செல்லுலோஸே வேறு உருவில் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டது. ஜப்பானில் செய்யும் செல்லுஃபைன் மணிகள் ஒரு வகை. செல்லுலோஸால் ஆன சார்ட்டோபைண்ட் சவ்வுகள் இன்னொரு வகை; துளை பெரிதாகவும் பாதையின் நீளம் குறைவாகவும் இருப்பதால் பழைய நாரின் மந்த ஓட்டம் அங்கே இல்லை. மோனோகுளோனல் எதிர்ப்புரத மருந்துகள் செய்யும் ஆலைகளில், நேர் மின்னேற்றம் கோத்த இத்தகைய சவ்வு வழியே மருந்துக் கரைசலைக் கடைசிக் கட்டத்தில் ஓட்டுகிறார்கள். எதிர்ப்புரதம் ஒட்டாமல் நேரே போய்விடும். செல்லிலிருந்து மிஞ்சிய டிஎன்ஏ, எதிர் மின்னேற்ற அழுக்குப் புரதங்கள், வைரஸ் ஆகியவை சவ்வில் தங்கிவிடும். லெவியும் சோபரும் 1960இல் சீரத்தை ஓட்டிய அதே தர்க்கம்தான் இது, அளவு மட்டும் பல மடங்கு பெரிது.

டெக்ஸ்ட்ரான் மணிகளை உப்சாலாவில் போராத்தும் ஃப்ளோடினும் 1959இல் அறிமுகப்படுத்தியபோது அவற்றில் மின்னேற்றமே கிடையாது. மின்னேற்றம் இல்லாத ஒரு மணி புரதங்களை அளவு பார்த்து எப்படிப் பிரித்தது, அதில் டிஇஏஇ எப்போது வந்து சேர்ந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.